முந்திரி எண்ணெய் ஒரு சொட்டு

கிளிப்பை இரவும் பகலும் காதில் மாட்டியிருக்க வேண்டும், குளிக்கிற நேரம் தவிரக் கழற்றக் கூடாது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது மூன்று பேர் தலையாட்டினார்கள். வலது காதில் கட்டுப் போட்டிருந்த சண்முகப்பிரியா, அவளுடைய அம்மா அம்சவள்ளி, அப்பா வீரமணி. ஆஸ்பத்திரியில் தலையாட்டுவதில் எங்கள் பக்கத்து சனங்களை மிஞ்ச ஆள் கிடையாது. புரிந்ததா என்று கேட்டாலும் ஆட்டுவார்கள், புரியவில்லையா என்று கேட்டாலும் ஆட்டுவார்கள்.

டாக்டரம்மாவுக்கு அது தெரிந்திருக்கும் போல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

"இது கட்டி இல்லம்மா, தழும்பு. உங்களுக்கும் எனக்கும் காயம் ஆறுனா தழும்பு அத்தோட நின்னுடும். இந்தப் பொண்ணுக்கு நிக்காது. வளர்ந்துக்கிட்டே போகும். கீலாய்டுன்னு பேரு. வெட்டி எடுக்கறது பெரிய வேலையே இல்ல. எடுத்துட்டேன். ஆனா நான் வெட்டுன இடமும் ஒரு காயம்தான? அதுலேருந்தும் முளைக்கும். முளைக்க விடாம பாத்துக்கறதுதான் உண்மையான வைத்தியம். அதுல பாதி என் கையில, பாதி உங்க கையில."

"சரிங்க" என்றான் வீரமணி.

"மாசம் ஒரு வியாழக்கிழமை வந்து அந்த இடத்துலயே ஊசி போட்டுக்கணும், ஆறு மாசம். கிளிப்பு ஒரு வருசம். அந்த அழுத்தம் இருந்தாத்தான் அடங்கி இருக்கும். சொறியக் கூடாது. மறுபடி காது குத்தக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலைன்னு எதையும் வைக்கக் கூடாது. கடுகு அளவு கையில தட்டுப்பட்டாக்கூட அடுத்த வியாழக்கிழமை இங்க நிக்கணும்."

மறுபடியும் மூன்று தலைகள் ஆடின. முந்திரி எண்ணெயைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றைக் காதில் வைப்பார்கள் என்று எந்த டாக்டருக்குத் தோன்றும்.

பிரியாவின் காதுக்கு ஒரு சரித்திரமே உண்டு. குழந்தையில் குத்திய காது நன்றாகத்தான் இருந்தது. பதினேழு வயதில், கூடப் படித்த பெண்கள் எல்லாம் இரண்டாவது கம்மல் போடுகிறார்கள் என்று ஜெயங்கொண்டத்தில் ஒரு பேன்சி ஸ்டோருக்குப் போய் காது குத்துகிற துப்பாக்கியால் மேல்மடலில் சுட்டுக்கொண்டாள். ஒரு மாதத்தில் அங்கே கடுகு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. பொங்கலுக்குள் மொச்சைக்கொட்டை. மறு வருஷம் முந்திரிக்கொட்டை. உடையார்பாளையத்தைச் சுற்றி முந்திரிக்கொல்லை இல்லாத ஊர் கிடையாது, அதனால் உவமைக்கு யாரும் தூரம் போகவில்லை. பழத்தின் அடியில் கொட்டை தொங்குகிற மாதிரியே அது காதின் பின்னால் தொங்கியது. காலேஜில் அவளுக்கு 'முந்திரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில்கூட முடியை விரித்து வலது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தாள்.

ஒரு தடவை பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் வெட்டி எடுத்தார்கள். வெட்டி, தையல் போட்டு, போய்விட்டு வாம்மா என்று அனுப்பிவிட்டார்கள். கிளிப்பும் சொல்லவில்லை, ஊசியும் சொல்லவில்லை. ஆறே மாதத்தில் முன்பு இருந்ததைப்போல ஒன்றரை மடங்காகத் திரும்பி வந்தது, இந்தத் தடவை காதுக்கு முன்னாலும் சேர்த்து. அன்றைக்குப் பிரியா கண்ணாடியை எடுத்துப் பரண்மேல் போட்டாள். திருச்சிக்குப் போய் முறையாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நர்ஸ் சொல்லி, அதற்கு அவள் மனதைத் தேற்றிக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது.

வைகாசியில் ஆபரேஷன் ஆனது. தையல் பிரித்த அன்று வீட்டுக்கு வந்து பரணிலிருந்து கண்ணாடியை இறக்கி, முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்சவள்ளிக்கு மகளின் கழுத்து இவ்வளவு நீளமா என்று இருந்தது. நான்கு வருஷமாக அதை அவள் பார்த்ததில்லை.

"என்னம்மா அப்பிடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லடி. கிளிப்ப மாட்டிக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அழுதால் மகள் கிண்டல் செய்வாள்.

பிரியா வேலை பார்த்தது அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில். அந்த மாதிரிக் கடைகளில் கொண்டை போட்டு, பூ வைத்து, எல்லாரும் ஒரே கலர் சேலை கட்டி நிற்க வேண்டும். கொண்டை போட மாட்டேன் என்று சொன்னதால் இவளைக் குடோனில் பெட்டி பிரிக்கவும் சீட்டு ஒட்டவும் போட்டிருந்தார்கள். ஃபேன் இல்லாத குடோன், சாப்பிடக்கூட அங்கேயே. இப்போது கொண்டையோடு போனாள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் போதாமல் பட்டுப் பிரிவைக் கவனிக்கிற உண்ணாமலை குடோனுக்கு வந்தவள், இவளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"நீ என்ன புள்ள இங்க கெடக்குற? நாளையிலேருந்து மேல வா."

பட்டுப் பிரிவில் ஏசி இருந்தது, பெரிய பெரிய கண்ணாடிகள் இருந்தன. பிரியா அன்று வீட்டுக்கு வந்து பேசிய பேச்சை வீரமணி இன்றைக்கும் சொல்வான். அவன் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டுகிறவன். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து உட்கார்ந்தவனைக் குளிக்கப் போகவிடாமல், ஒரு கல்யாண வீட்டுக்காரிக்குத் தான் எப்படி மாம்பழக் கலரை விற்றேன் என்று அரைமணி நேரம் சொன்னாள். அவன் தூசியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் நடந்ததை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் உண்ணாமலை அவள் காதைப் பார்த்து, "அது என்ன புள்ள, துணி காயப் போடுற கிளிப்பா?" என்றாள்.

"டாக்டர் மாட்டச் சொன்னதுக்கா. எடுக்கக் கூடாதாம்."

"கஸ்டமரு பொடவையப் பாப்பாங்களா, உன் காதப் பாப்பாங்களா? சேர்மன் வூட்டம்மா நேத்தே கேட்டுச்சு, அந்தப் பொண்ணுக்குக் காதுல என்ன சீக்குன்னு. நிக்கிற நேரம் கழட்டி வச்சுக்க. வூட்டுக்குப் போயி மாட்டிக்க. இல்லன்னா சொல்லு, கீழயே போயிரு."

உண்ணாமலை ஒன்றும் கெட்டவள் இல்லை. அவளுக்கும் மேலே ஒருத்தர் இருந்தார். பிரியா கிளிப்பைக் கழற்றி டிபன் பையில் போட்டாள். காலை ஏழரைக்கு பஸ் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. கிளிப்பு தூங்குகிற நேரத்துக்கு மட்டும் என்று ஆனது.

ஊசிக்கு முதல் மூன்று மாதமும் அம்மாவும் மகளும் சேர்ந்து போய் வந்தார்கள். அந்த ஊசி சாதாரண ஊசி இல்லை. தழும்புக்குள் மருந்து லேசில் இறங்காது. டாக்டரம்மா இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துவார், மருந்து இறங்க இறங்கப் பிரியாவின் கால் தானாகக் கட்டிலை உதைக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் பேச மாட்டாள். அரியலூர் வந்ததும் அம்சவள்ளி ஒரு பழரசம் வாங்கிக் கொடுப்பாள்.

நான்காவது ஊசி புரட்டாசியில் வந்தது. தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம் லீவு என்ற வார்த்தையே அந்தக் கடையில் கிடையாது. அதற்குப் பிந்தையது ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால்.

"ரெண்டு மாசம்தான, போகாட்டி என்ன? இப்ப ஒண்ணும் இல்லையே" என்று பிரியா காதைக் காட்டினாள். உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. அம்சவள்ளியும் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை குழம்பாகி, முந்திரிக்கொல்லைக்குள் கால் வைக்க முடியவில்லை. ஆனால் கொட்டை உடைக்கிற வேலைக்கு மழை கிடையாது. கோடையில் வாங்கிக் காயவைத்து மூட்டை போட்ட கொட்டையை வருஷம் முழுக்க உடைப்பார்கள். அம்சவள்ளி வேலை பார்த்த கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள். சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு உடையாமல் வர வேண்டும், ஓட்டில் இருக்கிற எண்ணெய் மேலே தெறிக்காமலும் இருக்க வேண்டும். அந்த எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். இருபத்திரண்டு வருஷத்தில் அம்சவள்ளியின் விரல்களெல்லாம் கறுத்து, நகமே தேய்ந்திருந்தது. அவளுடைய ரேகை எந்த மெஷினிலும் விழாது. ரேஷன் கடையில் மாதம் ஒரு சண்டை.

அந்த எண்ணெயால் அவளுக்கு ஊரில் இன்னொரு பெயரும் இருந்தது. மரு, பாலுண்ணி, கால் ஆணி எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்சவள்ளியிடம் வருவார்கள். காசு வாங்க மாட்டாள். வாங்கினால் பலிக்காது என்பாள். அவளுடைய மாமியார் செய்ததைப் பார்த்துப் படித்துக்கொண்டது. கொட்டகையில் மற்ற பதினோரு பேருக்கும் இது தெரியும், ஆனால் கை நடுங்காமல் வைக்கிறவள் இவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது கரண்டு ஆபீஸ் அய்யம்பெருமாள். கம்பத்தில் ஏறுகிற ஆள், குதிகாலில் ஆணி. அம்சவள்ளி வறுக்காத பச்சைக்கொட்டை ஒன்றை அரிவாள்மணையில் இரண்டாக நறுக்கினாள். ஆணியைச் சுற்றி விளக்கெண்ணெயைத் தடவி வரப்புக் கட்டினாள். ஓட்டுக்குள் கசிந்து நின்ற கறுப்பு எண்ணெயை ஈர்க்குச்சி முனையால் தொட்டு, நடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.

"எரியுது அம்சு."

"எரியாம எப்பிடிப் போவும்? ரெண்டு மணி நேரத்துக்குக் கால ஊணாதீங்க. போன வாரம் வச்சதுலயே பாதி செத்துருச்சு பாருங்க. இன்னும் ஒரு வாரம், வேரோட வந்துரும்."

பிரியா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இதைப் பார்த்தபடி இருந்தாள். அய்யம்பெருமாள் நொண்டிக்கொண்டே போனதும் கீரைத்தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இங்க தொட்டுப் பாரேன்."

அம்சவள்ளி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துத் தொட்டாள். கோட்டின் அடியில் ஒரு கடுகு இருந்தது.

"எத்தன நாளாடி இருக்கு?"

"பத்து நாளு. அரிக்குதும்மா. தூக்கத்துல சொறிஞ்சுடறேன்."

"வியாழக்கிழமை போவம். கடையில சொல்லிடு. வேலையே போனாலும் போவட்டும்."

வியாழக்கிழமை புயல். முந்திய நாளிலிருந்தே கொட்டித் தீர்த்தது. விடியற்காலையில் இருவரும் குடையோடு ரோட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் நின்றார்கள். ஒரு டவுன் பஸ் வந்தது. மருதையாற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுப் போகிறது, அரியலூருக்கு மேல் எந்த வண்டியும் போகவில்லை என்று கண்டக்டர் சொன்னார். நனைந்துபோய் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது. இந்த இடத்தில் யாராவது ஒருத்தர் அந்த ஏழு நாளைப் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. வீரமணி லாரியோடு ஆலை வாசலில் மாட்டிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பிரியா வேலையிலிருந்து வந்து கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். அம்சவள்ளி கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மகள் தட்டைத் தொடவில்லை.

"பெருசாயிருச்சும்மா."

"ரெண்டு நாள்ல எங்கடி பெருசாவும்? நீயா நினைச்சுக்கற."

"எனக்குத் தெரியாதா? போன தடவையும் இப்பிடித்தான் அரிச்சுது. அப்பறம் நிக்கவே இல்ல. உண்ணாமலையக்கா இன்னிக்கு என் காதையே பாத்துச்சு. கீழ அனுப்பிருவாங்கம்மா. திரும்ப அந்தக் குடோனுக்குப் போயி என்னால பெட்டி பிரிக்க முடியாது."

"யாரும் அனுப்ப மாட்டாங்க. சாப்புடு."

"நீ எடுத்து விடும்மா."

"எதை?"

"ஊருக்கே எடுக்குற. அய்யம்பெருமாள் மாமாவுக்கு அவ்வளவு பெரிய ஆணியவே எடுக்குற. இது கடுகு. ஒரே ஒரு சொட்டு வச்சா கருகி விழுந்துரும்."

"காலும் காதும் ஒண்ணாடி? அந்தம்மா எதையும் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலைன்னுதான் சொன்னாங்க. சின்னதா இருக்கறப்பவே அமுக்கணும்னும் அவங்கதான் சொன்னாங்க. வளந்தப்பறம் என்ன பண்ணுவ? திரும்பக் கத்தியாலதான் வெட்டணும். அந்த ஊசி வேற." பிரியா தட்டைத் தள்ளி வைத்தாள். "உன் கையால வச்சா எனக்குப் பயமில்ல."

இந்தக் கடைசி வார்த்தைதான் அம்சவள்ளியைச் சாய்த்தது. மூன்று வருஷமாக மகளுடைய காதுக்காக யார் யார் கையையோ பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் அவள். அங்கே அவளுக்கு ஒன்றும் தெரியாது. சீட்டைப் படிக்கத் தெரியாது, எந்த ரூம் என்று தெரியாது, தள்ளி நில்லும்மா என்றால் தள்ளி நிற்பாள். இந்த ஒரு வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தருக்கும் கெட்டது நடந்ததில்லை.

மறுநாள் காலை மழை விட்டு வெளிச்சம் வந்ததும் மகளை வாசலுக்குக் கூட்டி வந்து மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். விளக்கெண்ணெயால் வரப்புக் கட்டினாள். ஈர்க்குச்சி முனையில் எடுத்ததையும் உதறிவிட்டு, இன்னும் சின்னதாக எடுத்தாள். கடுகு அளவு வைத்தாள். அவளுடைய கை அன்றைக்கும் நடுங்கவில்லை.

"எரியுதா?"

"அந்த ஊசியில காவாசிகூட இல்லம்மா" என்று பிரியா சிரித்தாள்.

இத்தோடு விட்டிருந்தால் ஒருவேளை ஒரு சின்னப் புண்ணோடு போயிருக்கும், யார் கண்டது. ஆனால் அன்று லீவு. லீவு நாளில் கிளிப்பை ஒழுங்காகப் போட்டுக்கொள்வோம், டாக்டர் சொன்னதையும் விடக் கூடாது என்று, அம்மா கடைக்குப் போன நேரத்தில் பிரியா கிளிப்பை எடுத்து அதன்மேலேயே இறுக்கமாக மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு மழைக் குளிருக்கு வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கிப்போனாள். அழுத்தியதில் எண்ணெய் விளக்கெண்ணெயோடு கலந்து, வரப்பைத் தாண்டி மடல் முழுக்கப் பரவியது. காதின் அடியிலிருந்து தாடைவரை ஒழுகி, தலையணையில் தேய்ந்தது.

மாலையில் காது பணியாரமாக வீங்கியிருந்தது. மறுநாள் கொப்புளம். நீர் வடிந்து, வடிந்த இடமெல்லாம் வெந்தது. அம்சவள்ளி மோரை ஊற்றினாள், விளக்கெண்ணெயை ஊற்றினாள், பிறகு பயந்துபோய் எதையும் ஊற்றாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டி, களிம்பு வாங்கிப் போட்டு, புண் ஆற மார்கழி பாதி ஆகிவிட்டது. திருச்சிக்குப் போவோம் என்று வீரமணி சொன்னபோதெல்லாம் புண் ஆறட்டும் என்றாள். டாக்டரம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது ஒரு பெரிய தப்பு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புண் ஆறியதும் எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பொங்கல் கழித்து அது ஆரம்பித்தது. முதலில் மடலில். அப்புறம் காதுக்குக் கீழே. எண்ணெய் ஒழுகிய வழி முழுக்க, தாடைவரை, சிவந்து தடித்து, பளபளவென்று ஒரு வரி எழுந்தது. எங்கே எங்கே பட்டதோ அங்கெல்லாம். விரலை வைத்தால் உள்ளே கயிறு மாதிரி உருண்டது.

பிரியாவைக் கீழே போ என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே ஒரு நாள் முடியை விரித்துவிட்டுக்கொண்டு குடோனுக்குப் போய்விட்டாள். உண்ணாமலை வந்து, "மேல வா புள்ள, நான் பேசிக்கறேன்" என்று கூப்பிட்டாளாம். வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. கோபம் என்று சொல்ல முடியாது. தண்ணி வேணும், பஸ் வந்துருச்சு, சோறு போதும். இவ்வளவுதான். இதற்குப் பதில் திட்டியிருந்தால் அம்சவள்ளிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுத் தனம் ஒரு பக்கம் வம்பைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தவளே மூஞ்சியில ஊத்துவாளா? ஏதாவது பரிகாரம் பண்ணுங்க. சமயபுரத்துக்கு வேண்டிக்குங்க."

"பூமிக்கும் வானத்துக்கும் வேண்டியாச்சு, நீ போ" என்று வீரமணி அனுப்பிவிட்டான். அன்று சாப்பிடும்போதுதான் அவன் மனைவியிடம் முதல் தடவையாகக் கேட்டான்.

"என்னாத்துக்கு வச்ச?"

"போவும்னுதான் வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

வீரமணி யோசித்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் யோசித்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன் அவன் கழுத்து மருவை எடுத்ததும் இதே கைதான்.

"வையின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான். 

மாசியில் முந்திரி பூத்துக் கொல்லையெல்லாம் வாசம் அடித்தது. அந்த மாசத்தின் முதல் வியாழக்கிழமை அம்மாவும் மகளும் திருச்சிக்குப் போனார்கள். பஸ்ஸில் முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இடம் அப்படித்தான் கிடைத்தது என்று அம்சவள்ளி தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

டாக்டரம்மா முடியை விலக்கிப் பார்த்தார். விரலால் தாடைவரை தொட்டுக்கொண்டு போனார்.

"நான் எடுத்த காதாம்மா இது?"

பிரியா முடியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"இது தானா வந்தது மாதிரி இல்ல. ஏதோ ஊத்தியிருக்கீங்க. வெந்து போன தழும்பு இது. யாரு வச்சா? என்ன வச்சீங்க?"

அம்சவள்ளி ஒரு அடி முன்னால் வந்தாள். நான்தான் என்று சொல்லத்தான் மூன்று மணி நேரம் பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் பிரியா சொல்லிவிட்டாள்.

"நான்தான் மேடம். முந்திரி எண்ணெய். நானே தடவிக்கிட்டேன்."

"நீயேவா?"

"அரிச்சுது. சீக்கிரம் போயிரும்னு நினைச்சு வச்சுட்டேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வரும் அளவுக்கு அந்தக் காதுக்காக அவர் உழைத்திருந்தார்.

"படிச்ச பொண்ணுதான நீ? கடையில வேலை பாக்குற, போன்ல உலகத்தையே பாக்குற. இப்பிடியா பண்ணுவ? மூணு ஊசிக்கு வரல. கிளிப்பு போட்டியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அதுக்கு மேல ஆசிட் மாதிரி ஒண்ண எடுத்து நீயே பூசியிருக்க. இப்ப இதை நான் வெட்ட முடியாது. வெட்டுனா இன்னும் பெருசா வரும். முதல்ல ஊசி போட்டு அடக்கணும். முன்னாடி ஒரு இடத்துலதான் போட்டேன், இனிமே அஞ்சு இடத்துல போடணும். மாசாமாசம், எத்தன மாசம்னு சொல்ல மாட்டேன். அடங்குமா? அதையும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

பிரியா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அம்சவள்ளி வாய் திறக்க வேண்டிய நேரம் அது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடம் இருந்தது. அவள் திறக்கவில்லை.  டாக்டரம்மா கடைசியில் அவள் பக்கம் திரும்பினார், குரலைத் தணித்துக்கொண்டு.

"அம்மா, நீங்க பெரியவங்க. சின்னப் புள்ளைங்க அவசரத்துல எதையாவது பண்ணும். அதுங்கள விட்டுராதீங்க. நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கணும். எதையும் வைக்க விடாதீங்க."

"சரிங்க" என்றாள் அம்சவள்ளி.

ஊசி போட்டார்கள். ஐந்து இடத்தில். கதவுக்கு இந்தப் பக்கம் அவளை நிற்கச் சொல்லிவிட்டார்கள், கூட்டம் அதிகம். மூன்றாவது ஊசிக்கு உள்ளேயிருந்து அம்மா என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

வெளியே வந்து, மருந்துச் சீட்டு வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பிரியாவின் கன்னம் வீங்கி ஒரு கண் இடுங்கியிருந்தது. அரியலூர் பஸ் நிற்கிற இடத்தில் நிழல் பார்த்து நின்றபோது அம்சவள்ளியால் தாங்க முடியவில்லை.

"ஏண்டி அப்பிடிச் சொன்ன? நான்தான வச்சேன். என்னயத் திட்டிட்டுப் போவட்டும்னு விட வேண்டியதுதான?"

பிரியா ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"உன்னயத் திட்டியிருந்தா நீ அடுத்த மாசம் வந்திருக்க மாட்ட."

"வராம எங்கடி போவேன்?"

"வந்திருக்க மாட்ட. மார்கழி பூராவும் பாத்தனே. அப்பாவ அனுப்பிருப்ப. அப்பா வெளியில டீக்கடையில போயி நின்னுக்கும்." அவளுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை, ஒரு பக்கமாகவே பேசினாள். "அந்த ஊசிய என்னால தனியாப் போட்டுக்க முடியாதும்மா. உம்மேல கோவமாத்தான் இருக்கு. ஆனா நீ வரணும்."

 அம்சவள்ளி மகளின் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்து, பிடிக்காமலே நின்றாள். பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு பிரியா முதலில் ஏறி, இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தாள்.